இறக்கைக்குள் வைத்த திருநீறு

எனக்குக் கோபம் கொஞ்சம் கெதியாக வரும். இதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் விமானம் திருத்தப் போனதே ஒரு கோபத்தில்தான்.

இங்கே ஜேர்மனியில், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எனக்கு முன்னால் இருந்த பெண்மணி என் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் நாட்டு ஆட்களுக்கு நல்ல பொறுமை. முதியோர் பராமரிப்பு படிக்கலாமே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வயது நாற்பத்தொன்று, இரண்டு பிள்ளைகளின் தாய், யாழ்ப்பாணத்துப் பெண், ஒன்பது வருடமாக விமானங்களுக்குள் கூட்டித் துடைக்கிற வேலை. இவ்வளவையும் கூட்டினால் அவருடைய கணினியில் முதியோர் பராமரிப்பு என்றுதான் விடை வரும்போல.

"என் பொறுமையைப் பற்றி என் மனுசனிடம் கேட்டுப் பாருங்கள்" என்றேன். "எனக்கு விமானம் திருத்தப் படிக்க வேண்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். உண்மையில் அந்த நிமிடம் வரைக்கும் நான் அதை வாய்விட்டு யாருக்கும் சொன்னதில்லை. ஒரு விமானம் வந்து இறங்கி அடுத்த பயணத்துக்குக் கிளம்புவதற்குள் நாங்கள் நாலு பேர் உள்ளே ஓடி, கதிரைப் பைகளுக்குள் கைவிட்டுக் குப்பை எடுத்து, கழிப்பறை கழுவி, பட்டிகளை மடித்து வைத்துவிட்டு இறங்க வேண்டும். அந்த நேரத்தில் வெளியே இறக்கைக்குக் கீழே ஒருவர் ஏணி வைத்து ஏறி ஒரு மூடியைத் திறந்து, டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எனக்கு மண்டை காயும். வீட்டில் உடுப்புத் தோய்க்கிற மெசின் நின்றால் திறப்பது நான். மனுசனின் காரில் ஏதாவது சத்தம் வந்தாலும் குனிந்து பார்ப்பது நான். ஆனால் இதையெல்லாம் ஒரு தகுதி என்று எந்த விண்ணப்பத்தில் எழுதுவது?

அந்தப் பெண்மணி நல்லவர்தான், பாவம். மூன்று தடவை நேரம் குறித்து டெர்மின் தந்தார், மூன்று தடவையும் போய்ச் சண்டை பிடித்தேன். கடைசியில் கணக்குச் சோதனை, கைவேலைச் சோதனை எல்லாம் எழுதி, இரும்புத் துண்டொன்றை அரத்தால் அராவிக் காட்டி, அந்தத் தொழிற்பயிற்சியில், இங்கே சொல்வதுபோல் அவுஸ்பில்டுங்கில், இடம் எடுத்தேன்.

வுப்பர்டால் தமிழ்ச்சனத்துக்கு இரண்டு நாளில் செய்தி போய்விட்டது. தமிழ்க்கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற ஒரு அக்கா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "பிளேன் திருத்தப் போறீராம், உண்மையே? அப்ப இனி நாங்கள் கப்பல்லதான் ஊருக்குப் போகோணும்."

"கப்பலுக்கும் எஞ்சின் இருக்கு அக்கா. நீந்திப் போங்கோ" என்றேன்.

மனுசன் இத்தாலிய உணவகமொன்றின் குசினியில் வேலை. அவர் மட்டும் பகிடி பண்ணவில்லை. "படியும். பிள்ளையளை நான் பாக்கிறன்" என்றார். அதைச் சொன்னபடி செய்தும் காட்டினார்.

இரண்டரை வருடப் படிப்பு. பாதி நாள் வகுப்பு, பாதி நாள் விமானக் கொட்டகை. என்னோடு அந்தக் கொட்டகையில் இன்னும் இரண்டு பேர் படித்தார்கள். இருவரும் என் வயதில் பாதி, என்னைவிட இரண்டு மடங்கு கெதி. எங்களுக்குப் பழக்குகிறவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். என் தம்பி என்றால் காதைப் பிடித்துத் திருகியிருப்பேன், அவ்வளவு பிழை சொல்லுவார். அவர் முதல் நாள் சொன்ன சட்டம் ஒன்றுதான்: கொட்டகை வாசலில் பொக்கற்றைக் காலி பண்ணு. சில்லறைக் காசு, வீட்டுத் திறப்பு, சுவிங்கம், தலைக்கிளிப், ஒன்றும் உள்ளே வரக்கூடாது. விமானத்துக்குள் விழுந்த ஒரு சின்னச் சாமான் ஒரு கம்பியில் போய்ச் சிக்கினால் போதும். குறடு, திருகி போன்ற வேலை ஆயுதங்கள்கூட ஒவ்வொன்றும் அதனதன் உருவத்தில் வெட்டிய குழிக்குள் கிடக்கும். ஒரு குழி வெறுமையாக இருந்தால் விமானம் வெளியே போகாது, எல்லோரும் முழங்காலில் நின்று தேட வேண்டியதுதான்.

எனக்கு இந்தச் சட்டம் நன்றாகப் பிடித்தது. மற்ற இருவரில் ஒருவன் ஒருநாள் சுவிங்கத்தோடு உள்ளே வந்தபோது நான் கிழித்த கிழியில், பழக்குகிறவரே வந்து "போதும், அவனுக்கு விளங்கிவிட்டது" என்றார். ஆகவே பின்னால் நடந்ததற்கு எனக்குச் சாட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை.

படிப்பு முடிய மூன்று மாதம் இருக்கும்போது ஒரு விசயம் தெரியவந்தது. எங்கள் மூன்று பேரில் ஒருவருக்குத்தான் அந்தக் கொட்டகையில் நிரந்தர வேலை. மற்ற இருவரும் வேறு நகரங்களில் தேடிக்கொள்ளலாம். அவர்களுக்கென்ன, முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எனக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மனுசனின் வேலை, எல்லாம் இங்கே. இங்கே கிடைக்காவிட்டால் படித்த படிப்பைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு நான் திரும்பவும் துடைக்கத்தான் போக வேண்டும். தமிழ்க்கடை அக்காவின் முகம் அடிக்கடி கண்ணுக்கு முன்னால் வந்தது.

இந்த நிலைமையில்தான் ஒரு திங்கட்கிழமை, ஒரு முழு வேலையை என் கையில் தந்தார்கள். பயணிகள் விமானம், பயிற்சிக்கு வைத்திருக்கிற பழசு இல்லை. இடது இறக்கையின் அடிப்பக்கத்து மூடியைக் கழற்றி, உள்ளே துப்புரவு செய்து, அசைகிற பகுதிகளுக்குக் கிறீஸ் பூசி, பரிசோதகர் வந்து பார்க்கத் திறந்தபடி விட வேண்டும். யாரும் பக்கத்தில் நிற்கமாட்டார்கள்.

எங்கள் சனம் ஒரு பிறிட்ஜ் வாங்கினாலும் சந்தனப் பொட்டு வைக்காமல் பிளக் போடாது. கார் வாங்கினால் நாலு சில்லுக்கும் தேசிக்காய். மகளின் புதுக் கணினிக்குக்கூட ஒரு மூலையில் குங்குமம் இருக்கிறது. அப்படியிருக்க, என் வாழ்க்கையிலேயே முதல் முதல் நான் தனியாகத் தொடுகிற விமானத்தில் சும்மா எப்படிக் கைவைப்பது? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாங்கிய திருநீற்றைக் கடதாசியில் மடித்து, பொக்கற்றில் வைத்தால் வாசலில் எடுக்க வேண்டிவரும் என்று இடுப்புப் பட்டிக்குள் செருகிக்கொண்டு போனேன். மறைத்துத்தான் கொண்டுபோனேன், வேறு மாதிரிச் சொல்லி என்னை நல்லவளாக்கிக்கொள்ள விருப்பமில்லை.

மூடியைக் கழற்றினேன். உள்ளே தலையை விட்டேன். எண்ணெய் மணம், குளிர்ந்த அலுமினியம், தகடுகளைப் பிணைக்கிற தறையாணிகள் வரிசை வரிசையாக. கூட்டித் துடைத்த ஒன்பது வருடமும் நான் பார்க்க ஆசைப்பட்ட உள்பக்கம், இப்போது என் பொறுப்பில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மோதிரவிரலால் திருநீற்றைத் தொட்டு, ஒருவர் கண்ணுக்கும் படாத மூலையில் ஒரு பொட்டு வைத்து, "இதில் ஏறுகிற சனம் எல்லாம் சுகமாகப் போய் இறங்க வேணும்" என்று கும்பிட்டேன். பிறகு வேலையைச் செய்தேன். நன்றாகவே செய்தேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு அறைக்குள் போனால் ஆட்கள் ஒருமாதிரி நிற்கிறார்கள். என்ன விசயம் என்று கேட்டேன். இடது இறக்கையில் துரு கண்டிருக்கிறதாம், பரிசோதகர் விமானத்தை நிறுத்திவிட்டாராம்.

இரும்பு துருப்பிடித்தால் சிவக்கும். அலுமினியம் அப்படியில்லை. அது வெள்ளையாகப் பொடி பூக்கும். இதை எனக்கு வகுப்பில் முதல் மாதமே படிப்பித்தார்கள், சோதனையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். திங்கட்கிழமை அந்தப் பொட்டை வைக்கும்போது அந்தப் பாடம் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. துப்புரவுத் திரவத்தின் ஈரம் பட்டு என் திருநீறு ஊறி, தறையாணித் தலைகளைச் சுற்றிக் காய்ந்து, உள்ளேயிருந்து கிளம்பி வந்த துருவைப் போலவே அச்சொட்டாக இருந்திருக்கிறது. பரிசோதகர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதர். பேச்சு மிகக் குறைவு. அவர் பக்கத்து மூடிகள் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டார். பின்னேரம் அந்த இடத்தைச் சுரண்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று சொன்னார்கள்.

 சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு வெளியே கார் தரிப்பிடத்துக்குப் போய் மனுசனுக்குப் போன் அடித்தேன். அவர் குசினியில் நின்றபடி எடுத்தார். சட்டிச் சத்தத்துக்கு நடுவில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆராவது கண்டவையோ?" என்றார்.

"இல்லை."

"அப்ப வாயைப் பொத்திக்கொண்டு இரும். துடைச்சுப் பாப்பினம், ஒண்டும் இல்லையெண்டு விட்டிடுவினம்."

"சுரண்டப் போயினமாம். சுரண்டினா தகடு மெலிஞ்சுபோம். ஒரு பழுதும் இல்லாத இறக்கையைச் சுரண்டப் போயினம் அப்பா."

"உமக்கு என்ன விசரே? இன்னும் மூண்டு மாதம். இப்ப போய் மாட்டுச்சாணிக் கதை சொன்னா உம்மை வைச்சிருப்பாங்களோ?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. அவர் பயந்தது எனக்காகத்தான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அவர்மேல் பாதி, என்மேல் பாதி. "வைக்கிறன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். கார்களுக்கு நடுவில் இரண்டு தரம் அங்குமிங்கும் நடந்தேன். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் வேலை கிடைக்கலாம், ஆனால் ஒரு நல்ல இறக்கையில் என்னால் ஒரு காயம் இருக்கும், அதில் ஏறிச் சனம் போய்வரும், அது எனக்கு மட்டும் தெரியும். அந்தச் சனத்துக்காகத்தானே கும்பிட்டேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பரிசோதகரும் பழக்குகிறவரும் இறக்கைக்குக் கீழே நின்றார்கள். சுரண்டுகிற கருவி மேசையில் இருந்தது. நான் போய் நின்று, டொச் மொழியில் எனக்குத் தெரிந்த அத்தனை நல்ல வசனங்களையும் மறந்துவிட்டுச் சொன்னேன்:

"அது துரு இல்லை. நான் வைத்தது."

பரிசோதகர் திரும்பினார். "என்ன வைத்தாய்?"

"சாம்பல்."

"என்ன சாம்பல்?"

"மாட்டுச் சாணத்தை எரித்த சாம்பல். கோயிலில் தருவது. நல்லது நடக்க வேண்டும் என்று வைப்போம். இடுப்புப் பட்டிக்குள் செருகிக்கொண்டு வந்தேன்."

பழக்குகிறவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினார். பின்னால் ஏணியில் நின்ற ஒருவன் சத்தமாகவே சிரித்து, விமானத்தில் மாட்டுச்சாணி என்று ஏதோ சொன்னான். எனக்கு வந்த கோபத்தில் பயம் பறந்துவிட்டது. "நான் செய்தது பிழை. அதற்கு என்னை ஏசு. என் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது" என்று அவனுக்கு நேரே கையை நீட்டிச் சொன்னேன். குறடு பிடித்துக் காய்த்த கை அது. அவன் ஏணியில் இருந்து இறங்கிப் போனான்.

பரிசோதகர் சிரிக்கவில்லை. "உன் கடவுளோடு எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. உன் இடுப்புப் பட்டியோடுதான் பிரச்சினை. மிச்சம் இருக்கிறதா?" என்றார்.

பட்டிக்குள்ளேயே கிடந்த கடதாசியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதில் கொஞ்சத்தை ஒரு மூடியில் போட்டு, தண்ணீர் விட்டு, நிறம் மாறுகிற சோதனைத் தாளொன்றை அதில் தோய்த்தார். தாள் நீலமாகிவிட்டது.

"காரம்" என்றார். "ஈரத்தோடு சில மாதம் கிடந்தால் இது அலுமினியத்தைத் தின்னும். இன்றைக்குத் துரு இல்லை. நீ சொல்லாமல் விட்டு, நாங்களும் காணாமல் விட்டிருந்தால், வந்திருக்கும்."

அதுவரைக்கும் நான் ஒரு சட்டத்தை மீறினேன் என்றுதான் நினைத்திருந்தேன். காவலுக்கு என்று நான் வைத்த பொட்டே அந்த இறக்கையை அரித்திருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது. வெட்கம். அந்தளவு வெட்கத்தை நான் வாழ்க்கையில் வேறு எங்கும் பட்டதில்லை.

அறிக்கை எழுதச் சொன்னார்கள். யாரும் எனக்காக எழுதவில்லை, நானே எழுதினேன். எங்கே, எப்போது, எவ்வளவு. பொருளின் தன்மை என்ற கட்டத்தில், பசுவின் சாணம், எரித்தது, சமய வழக்கம் என்று டொச்சில் எழுதினேன். இப்படி ஓர் அறிக்கை அந்த அலமாரியில் வேறு ஒன்று இருக்குமென்று நான் நினைக்கவில்லை. பிறகு அந்த இடத்தைக் கழுவி, உலர்த்தி, பூதக்கண்ணாடி வைத்துத் தறையாணி தறையாணியாகப் பார்த்தேன். பரிசோதகர் எனக்குப் பின்னால் நின்று அவ்வளவையும் திரும்பப் பார்த்தார். தகட்டில் ஒரு கீறலும் இல்லை. சுரண்டுகிற கருவி தொடப்படாமலே திரும்பிப் போனது. விமானம் ஒரு நாள் பிந்திப் போனது.

வீட்டுக்குப் போய் மனுசனிடம் சொன்னேன்.  "சரி, சொல்லியாச்சு. சாப்பிடும்" என்று பிட்டுக் கோப்பையை முன்னால் தள்ளினார். அந்த மூன்று மாதமும் நாங்கள் அந்தக் கதையை எடுக்கவில்லை. மனதுக்குள் நான் அந்த வேலையைக் கைகழுவிவிட்டேன். ஆனால் சோதனையை விடவில்லை. வேலை இல்லாவிட்டால் போகட்டும், படிக்கத் தெரியாதவள் என்று ஒருவரும் சொல்லக்கூடாது. ரெயினில் போகும்போதும் படித்தேன், வரும்போதும் படித்தேன். பிள்ளைகள் கேள்வி கேட்க, வெங்காயம் வெட்டிக்கொண்டு பதில் சொன்னேன். மூன்று பேரில் ஆகக் கூடின புள்ளி எனக்குத்தான் வந்தது. கையில் தாளை வாங்கியதும் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு சிரித்தேன்.

நிரந்தர வேலை யாருக்கு என்று சொல்ல ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். என்னைக் கடைசியாக. அறைக்குள் கொட்டகைப் பொறுப்பாளரும், பக்கத்தில் பரிசோதகரும் இருந்தார்கள். மேசையில் என் அறிக்கை கிடந்தது. என் கையெழுத்தை நான் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிட்டேன். சரி, கெதியாகச் சொல்லி முடியுங்கள், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு இருந்தேன்.

பொறுப்பாளர் பரிசோதகரைப் பார்த்தார். அந்த மனிதர் தொண்டையைச் செருமினார்.

"இருபது வருடமாக விமானங்களுக்குள் சாமான் கண்டெடுக்கிறேன். ஸ்குரூ, துணி, டோர்ச், ஒருமுறை பாதி சாப்பிட்ட பாண்கூட. ஒவ்வொரு முறையும் கேட்பேன், யார் வைத்தது என்று. இருபது வருடத்தில் ஒருவரும் வைக்கவில்லை. எல்லாம் தானாகவே வந்தது." அறிக்கையில் விரலை வைத்தார். "வைத்த ஆள் என்று எனக்கு முன்னால் வந்து நின்றது இவர் ஒருவர்தான். எனக்கு இவர் வேண்டும்."

 வாய்க்குப் பேர்போன நான், நன்றி என்ற ஒரு சொல்லைக்கூட ஒழுங்காகச் சொல்லாமல் தலையைத் தலையை ஆட்டினேன். பொறுப்பாளர் பேனையைத் தந்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, அதே கார் தரிப்பிடத்தில் நின்று மனுசனுக்குப் போன் அடித்தேன்.

"என்ன, துரத்திப்போட்டாங்களோ?" என்றார்.

"இல்லை. எடுத்துப்போட்டாங்கள். நான் உண்மையைச் சொன்னபடியாத்தான் எடுத்தவங்கள்."

சட்டிச் சத்தம் நின்றது. அவர் குசினியில் இருந்து வெளியே வந்துவிட்டார் என்று விளங்கியது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. என் மனுசன் அழுகிறார் என்று எனக்குத் தெரியும், அதை நான் சொல்லக்கூடாது என்றும் தெரியும்.

"அண்டைக்கு நான் சொன்னதைக் கேட்டிருந்தீரெண்டால்?" என்றார் கடைசியில்.

"நான் எப்ப நீங்கள் சொல்லிக் கேட்டனான்?"

அடுத்த திங்கட்கிழமை காலையில் வீட்டில் நெற்றி நிறையத் திருநீறு பூசிக் கும்பிட்டு, முகம் கழுவி, இடுப்புப் பட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனேன். முதல் வேலையாக ஒரு விமானத்தின் வலது இறக்கை வந்தது. முடித்தபின் வேலைத்தாளை எடுத்தேன். இதுவரைக்கும் என் பெயருக்கு மேல் எப்போதும் இன்னொருவருடைய கையெழுத்து இருக்கும், நான் வேலை பழகுகிறவள் என்பதால். அன்றைக்கு அந்தத் தாளில் செய்தவர் என்று இருந்த இடம் எனக்கு மட்டும். பரிசோதகர் ஏணிக்குக் கீழே வந்து நின்றார். டோர்ச் கையில் இருந்தது, இன்னும் அதைப் போடவில்லை.

"எனக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?" என்றார். அப்படி அவர் வேறு யாரையும் கேட்டு நான் கண்டதில்லை.

"இல்லை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு ஏறி, எல்லாவற்றையும் பார்த்தார். நான் கீழே நின்று கையெழுத்துப் போட்டேன். பின்னேரம் அந்த விமானம் சனத்தை ஏற்றிக்கொண்டு பறந்தது.